‘எதுக்கு’ அக்கா

ஒரு சாமானின் பேரைச் சொன்னால் மற்றக் கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள்; இல்லாவிட்டால் இல்லை என்பார்கள். அவர் "எதுக்கு?" என்று கேட்பார்.

விருதுநகர் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. கார், வேன், லோடு ஆட்டோவுக்கான உதிரிச் சாமான்கள். அவருடைய மாமனார் ஆரம்பித்த கடை. கணவர் வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். மற்ற நாட்களில் உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரசீது எழுதுவார். முன்னால், கண்ணாடி மேசைக்குப் பின்னால், முக்காட்டைக் காதோரம் செருகிக்கொண்டு நிற்பவர் அவர்தான். நாற்காலி ஒன்று உண்டு. ஆனால் அதில் எப்போதும் ஒரு பெல்ட்டோ ஹெட்லைட்டோ உட்கார்ந்திருக்கும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவரும் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. டிரைவர்கள் வைத்த பேர் ‘எதுக்கு அக்கா’. அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் அதற்குக் கோபித்துப் பார்த்ததில்லை.

நான் முதன்முதலில் போனது ஒரு ஆடி மாதத்தில். சூலக்கரைப் பக்கம் ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு என் கையில் இருந்தது.

"மூணு ஸ்பார்க் பிளக் வேணும்க்கா."

"எதுக்கு?"

"மெக்கானிக் எழுதிக் குடுத்திருக்கார்."

"யாரு எழுதினதுன்னு கேக்கலையேக்கா. எதுக்குன்னு கேட்டேன்."

"காலையில வண்டி எடுத்தா மிஸ்ஸிங் ஆகுது, உதறி உதறி ஓடுது."

"இப்ப வண்டியில இருக்கிற பிளக் எப்பப் போட்டது?"

"போன மாசம்."

அவர் சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "போன மாசம் போட்ட பிளக்கு என்ன தப்புப் பண்ணுச்சு, அதைக் கழட்டித் தூரப் போடுறதுக்கு?"

உள்ளேயிருந்து அவர் கணவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அந்தப் பெருமூச்சைப் பின்னால் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு விற்பனையும் கைநழுவும்போது அவர் விடுவது அது. சத்தம் போட்டு ஒரு நாளும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுத்துச் சாமான் வாங்க வந்தவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாரே என்று. இப்போது நினைத்தால், அந்த மூன்று பிளக்கையும் அவர் எடுத்துக் கொடுத்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

எனக்கு அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. தேதி, கிழமை, நட்சத்திரம், நல்ல நேரம், விரத நாள் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடும். ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் அடுத்து ஆர்டர் வரிசையாக வந்து விழும். சீசனில் காலை எட்டு மணிக்கு நான் அங்கே இல்லையென்றால் மெஷின் நிற்கும், மெஷினைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள்.

வண்டி என் அண்ணனுடையது. சிறிய கார், மூன்று சிலிண்டர். அவன் வெளியூர் போகும்போது என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியாது. கார் இருந்ததால்தான் அந்த வேலை.

அந்த ஆனி மாதத்திலிருந்து வண்டி ஒரு விளையாட்டுக் காட்டியது. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கும், ஆனால் உடம்பு முழுக்க உதறும். நொண்டி நொண்டி ஓடும். மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காது, பெட்ரோல் நாற்றம்தான் வரும். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே கிடந்து உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரிச் சீராக ஓடும். மறுநாள் நன்றாக இருக்கும். அதற்கு மறுநாளும் நன்றாக இருக்கும். நான் மறந்திருக்கும் நாளில் மறுபடி உதறும்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். வேலை முடிந்து சாயங்காலம் நான் கொண்டுபோய் நிறுத்தும்போது வண்டி தங்கமாக ஓடும். அவர் எதைப் பார்ப்பார்? ஒரு தடவை பிளக் மாற்றினார். ஒரு தடவை பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலை மாற்றினார். கடைசியில், "ஸ்டார்ட் பண்ணுற பக்குவம் ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

என் மாமனார் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பருப்பு மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், கெட்ட மனிதர் இல்லை. நான் சிவகாசி ரோட்டில் பட்டாசு லோடு வண்டிகளுக்கு நடுவே தனியாக ஓட்டிப் போவது அவருக்குப் பயம். அந்தப் பயம் வெளியே வரும்போது வேறு உருவத்தில் வரும். "வண்டியில கோளாறே இல்லத்தா. கைதான் பழகலை. ஆமத்தூர்ல நம்ம மண்டியில இருந்த ஆளு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துருவோம்" என்றார். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனிக்கு லைன் பார்ப்பவர், ஊர் ஊராகக் கடைகளில் ஆர்டர் எடுக்க மாதத்தில் பாதி நாள் தென்காசிப் பக்கம் போய்விடுவார். அவர் யார் பக்கமும் பேசமாட்டார்.

இரண்டாவது முறை கடைக்குப் போனது கேள்விக்குப் பதில் சொல்லவா, சண்டை போடவா என்று எனக்கே தெரியவில்லை. அன்று காலை வண்டி உதறி, அரை மணி நேரம் தாமதமாகி, கம்பெனியில் மேலாளர் எல்லார் முன்னாலும், "இன்னொரு தடவை மெஷின் நின்னா நாங்க வேற ஆளு பாக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

கடையில் எனக்கு முன்னால் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆள் நின்றுகொண்டிருந்தார். வேனுக்குப் பின்விளக்கு எட்டு செட் வேண்டும் என்றார்.

"எதுக்கு எட்டு?"

"உடையுதுக்கா. வாரத்துக்கு ஒண்ணு உடையுது. மொத்தமா வாங்கி வெச்சுக்கலாம்னு."

"எங்கன உடையுது?"

"குடோன்ல. ரிவர்ஸ் எடுக்கையில."

"எந்தப் பக்கத்து விளக்கு?"

அவர் யோசித்தார். "இடது."

"எல்லாமே இடதா?"

"ஆமா."

"அங்கன என்ன இருக்கு, இடது பக்கம்?"

ஒரு பழைய கல்தூண் இருந்ததாம். கேட் இருந்த காலத்துத் தூண். கேட்டையே எடுத்து வருடக்கணக்கில் ஆகிறது. அக்கா ஒரே ஒரு விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதைப் போடுங்க. தூணை எடுங்க. எடுத்ததுக்குப் பொறகும் உடைஞ்சா மிச்ச ஏழையும் வாங்க." உள்ளே பெருமூச்சு. அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் எல்லா வேன்களுக்கும் எண்ணெயும் டயரும் தவிர மற்றது அத்தனையும் இவரிடம்தான் என்று பிற்பாடு அறிந்தேன். அவருடைய கணவர் அந்தக் கணக்கை ஏனோ பார்ப்பதில்லை.

என் முறை வந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. வேலை போய்விடும் போல இருக்கிறது என்றேன்.

"எதுக்கு இந்த வேலைக்குப் போறீக?" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை மாமனார் கேட்டிருக்கிறார், நாத்தனார் கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் சோற்றுக்கு இல்லையா என்பதுதான் அதற்குப் பொருள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பதில் வரும்வரை நின்றார்.

"தப்பு கண்ணுல படும்போது ஒரு சந்தோசம்க்கா" என்றேன். இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானேகூட. "போன வருசம் ஒரு அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டாங்க. நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். நான்தான் பிடிச்சேன். அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப வண்டி ஓடணும்" என்றார். பிறகு, "தப்புப் பிடிக்கிறவுகதானே நீங்க. இதையும் பிடிங்க. நோவு வராத நேரத்துல கொண்டுபோய் நிறுத்துனா மெக்கானிக் என்ன பண்ணுவாரு? என்னைக்கு வருது, என்னைக்கு வரலை, முந்தின நாளு வீட்டுல என்ன நடந்துச்சு. ஒரு மாசம் எழுதுங்க. அதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்காதீக."

எழுதுவதற்கு நான் தனி நோட்டு போடவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் எங்கள் கம்பெனி தினசரிக் காலண்டர்தான் தொங்கும். அன்றன்று கிழித்த தாளிலேயே, வண்டி உதறி ஆட்டம் போட்டால் ‘ஆ’ என்றும் நன்றாக இருந்தால் ‘ந’ என்றும் எழுதி ஒரு கவரில் போட்டு வைத்தேன். உதறினாலும் எட்டு மணிக்குப் போய்ச் சேர அந்த மாதம் முழுவதும் அரை மணி முன்னதாகவே வண்டியை எடுத்தேன்.

இதற்கு நடுவில் அவரிடம் சும்மாவே போக ஆரம்பித்துவிட்டேன். அவருடைய கேள்வி எல்லாருக்கும் பிடித்ததில்லை என்பதையும் பார்த்தேன். ஒரு பையன் லாரியில் வைக்கும் பெரிய ஹாரன் ஒன்றைத் தன் காருக்குக் கேட்டு, அவருடைய மூன்று கேள்விகளுக்குப் பிறகு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு எதிர்க்கடைக்குப் போனான். இன்னொரு நாள், லோடோடு நடுரோட்டில் நின்றுவிட்ட ஒரு டிரைவர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து ஃபேன் பெல்ட் கேட்டார். "எதுக்கு?" என்றதும், "அறுந்துபோச்சு, வேற எதுக்கு?" என்று கத்தினார். அக்கா ஒரு நொடிகூட நிற்கவில்லை. பெல்ட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "காசு பொறகு. ஓடுங்க" என்றார். அவர் முகம் மட்டும் அன்று முழுவதும் வாடியிருந்தது. "கேக்காம இருக்க முடியலைக்கா. தப்பான சாமானைக் குடுத்து அனுப்பினா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது" என்றார். என்றைக்கோ ஒருமுறை அப்படிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. நான் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கவரை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆமத்தூர்க்காரர் வண்டியைப் பார்க்க வருகிறார் என்று முந்தின நாள்தான் மாமனார் சொல்லியிருந்தார். என்னிடம் கேட்காமலே வரச் சொல்லிவிட்டார்.

தாள்களைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக அடுக்கினோம். பறக்காமலிருக்க அக்கா மின்விசிறியை நிறுத்தினார். உள்ளே கணவர் ரசீதுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார். நான்கு வாரத்துத் தாள்கள். அதில் ‘ஆ’ நான்கு. கிழமை ஒத்துப்போகவில்லை. பெட்ரோல் போட்ட நாளும் ஒத்துப்போகவில்லை.

"இது என்ன, செவப்புல?" என்றார் அவர்.

சில தாள்களில் சிவப்புப் பென்சிலால் ‘த’ என்று எழுதியிருந்தது. "அது மாமா எழுதுறதுக்கா. குழாய்த் தண்ணி வர்ற நாள். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு குறிச்சு வைப்பார்."

அவர் ‘த’ தாள்களைத் தனியாக நகர்த்தினார். ஆறு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மறுநாள் தாளை வைத்தார். நான்கு ‘ஆ’வும் அங்கே வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட வெளியே இல்லை. எனக்குக் கைகால் பரபரத்தது. அமாவாசையைப் பிடித்த அன்று இருந்த அதே பரபரப்பு.

"தண்ணிக்கா" என்றேன். "தண்ணி வந்த மறுநாள்தான் உதறுது."

"இருங்க. இந்த ரெண்டு நாளும் தண்ணி வந்திருக்கு. மறுநாள் நல்லாத்தான் ஓடியிருக்கு. ஏன்?"

அந்த இரண்டு தேதிகளையும் பார்த்தேன். "இந்த ரெண்டு நாளும் வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. லைனுக்குப் போயிருந்தார்."

"அவரு இருந்தா வண்டியை எடுப்பாரா?"

"சாயங்காலம் மாமாவைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போவார்."

"வந்து எப்படி நிறுத்துவாரு?"

"மூக்கை உள்ள விட்டு நிறுத்துவார். நான் பின்பக்கமா ஏத்தி நிறுத்துவேன். காலையில நேரா வெளிய எடுக்கணும்ல."

"உள்பக்கம் மூக்குக்கு மேல என்ன இருக்கு?"

கண்ணை மூடிப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர். மாடி. மாடியில் அந்தக் கோடையில் மாமனார் புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிறைந்தால் வழிகிற குழாய், மாடிச் சுவரைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு. தண்ணீர் வந்த நாளில் மாமனார் சாப்பிட்டதும் மோட்டாரைப் போட்டுவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவார். தொட்டி நிறைந்து பானெட்மேல் வழியும். ஆடிக் காற்றில், ஆவணிக் காற்றில், விடிவதற்குள் பானெட் காய்ந்துவிடும். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது.

நான் எழுந்தேவிட்டேன். அப்படியே ஓடிப்போய் வீட்டில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"உக்காருங்க" என்றார். "இன்னும் பாக்கலை. இது நம்ம நெனப்புதான். அடுத்து எப்பத் தண்ணி வரும்?"

எண்ணிப் பார்த்தோம். சனிக்கிழமை. அன்று வீட்டுக்காரரும் ஊரில்தான் இருப்பார்.

"உங்க வீட்டுக்காரரை எப்பவும் போல நிறுத்தச் சொல்லுங்க. உங்க மாமாவும் எப்பவும் போல மோட்டார் போடட்டும். யாரும் வண்டியைத் தொட வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில நான் வர்றேன்."

"அங்கனயா?" என்றார் உள்ளேயிருந்து கணவர். அன்றைக்கு அவர் பேசிய ஒரே சொல்.

"வண்டி அங்கனதானே தூங்குது" என்றார் இவர்.

ஞாயிறு ஆறரை மணிக்குக் கணவரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார்.

"யாரும்மா?"

"வண்டிச் சாமான் கடைங்கய்யா."

"நாங்க ஒண்ணும் வாங்கலையே."

"நானும் ஒண்ணும் விக்க வரலைங்க."

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மேலே குழாயைப் பார்த்தார். பிறகு மாமனாரிடம் வந்து, "ஐயா, நீங்களே உக்காந்து சாவியைத் திருப்புறீகளா?" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"ஓட்ட வேணாங்க. திருப்பினாப் போதும்."

என் வீட்டுக்காரர் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, அப்பாவை உட்கார வைத்தார். மாமனார் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. பிடித்த மறுநொடி அவரையும் சேர்த்து உதற ஆரம்பித்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போதும், நிறுத்துங்கய்யா."

பானெட்டைத் திறந்து, மஞ்சள் பையிலிருந்து ஸ்பேனரும் ஒரு நீளக் கம்பியும் பழைய வேட்டித் துணியும் எடுத்தார். எஞ்சின் தலையில் பிளக் இருக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிணறு போல ஆழமாக இருக்கும். அதன்மேல் மூடியைப் போலக் காயில் உட்கார்ந்திருக்கும். முதல் காயிலைக் கழற்றி, கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். காய்ந்த துணி. இரண்டாவது. அதுவும் காய்ந்துதான் வந்தது. மூன்றாவது காயிலைக் கழற்றும்போது அவருடைய கை கொஞ்சம் நிதானித்தது. துணியை விட்டார். எடுத்தார்.

நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் துணியை மாமனாரிடம் நீட்டினார். மாமனார் விரலால் தொட்டுப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்தார். "பச்சைத் தண்ணி" என்றார்.

"இதுல மூணாவது சிலிண்டருக்குத் தீப்பொறி எப்படிங்கய்யா போகும்? ரெண்டு காலுல நொண்டுது. சூடு ஏறி உள்ள காஞ்சதும் மூணாவது காலையும் ஊனிடுது."

என் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கிணற்றையும் காயிலையும் பொறுமையாக உலர்த்தினார். திரும்ப மாட்டினார். "ஐயா, மறுபடி."

மாமனார் இந்த முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்பினார். எஞ்சின் பிடித்த சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு சீர். ஓடுகிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்தார்.

அக்கா அதோடு விடவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். முன்கண்ணாடியும் பானெட்டும் சேருகிற இடத்தில், குழாய்க்கு நேர் கீழே, மெல்ல ஊற்றினார். அங்கே ஒரு ரப்பர் பட்டி காய்ந்து, சுருங்கி, ஒரு விரற்கடை வாயைப் பிளந்திருந்தது. தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய், ஒரு கம்பி விளிம்பில் ஓடி, மிகச் சரியாக மூன்றாவது காயிலின் தலையில் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நாங்கள் நான்கு பேரும், ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்திருந்த அவர் கணவரும், குனிந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்பப் பாத்தாச்சு" என்றார் அவர். அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

"இதுக்கு என்ன சாமான் மாத்தணும்?" என்று மாமனார் கேட்டார்.

"இந்த ரப்பர் பட்டிங்க. செவ்வாக்கிழமை மதுரையிலேருந்து இவுக எடுத்துட்டு வருவாக. மேல அந்தக் குழாய்க்கு ஒரு வளைவு மாட்டிச் சுவரோட இறக்கிடுங்க. அது எங்க கடையில கிடையாது."

கணவரிடமிருந்து அந்தப் பெருமூச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தச் சொட்டுகளை அக்கா துடைத்துப் போட்ட ஈரத்துணியை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஆமத்தூர்க்காரர் பஸ்ஸில் வந்து இறங்கி, நடந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் ஓடுவதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் ஆசையாகிவிட்டது. "அண்ணாச்சி, சொல்லுங்க, முடிச்சிருவோம்" என்றார் மாமனாரிடம்.

மாமனார் என் பக்கம் கையைக் காட்டினார். "வண்டி எம் மருமகளோடது. அவகிட்டக் கேளுங்க" என்றார்.

கேட்டார். விற்கவில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெயிலில் வந்த மனிதரை வெறுமனே அனுப்ப மனம் வராமல், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அக்காவும் ஏறிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. விலைக்குக் கேட்ட வண்டியிலேயே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆமத்தூர்க்காரர் வழி முழுவதும், "நல்லா ஓட்டுறீகம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவரை இறக்கிவிட்டதும் நான் வண்டியைத் திருப்பப் போனேன். "திருப்பாதீக. இன்னும் கொஞ்சம் போங்க" என்றார் அக்கா.

ஆனைக்குட்டம் அணைக்கரை வரை போனோம். தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. கரையோரம் ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தச் சொன்னார். எஞ்சின் முழுசாக ஆறட்டும், ஆறின பிறகு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் தன் மனசு ஆறும் என்றார். அக்கா வீட்டுக்கென்று நான் கட்டி எடுத்து வந்திருந்த இட்லியை இரண்டு பேரும் தின்றோம். அவருடைய மகள் திருச்சியில் படிப்பதையும், தன் மாமனார் காலத்தில் கடையில் நின்று பேசிய ஒரே பெண்பிள்ளை தான்தான் என்பதையும் அன்றுதான் சொன்னார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். வெயில் உச்சிக்கு வந்து சாயவும் ஆரம்பித்துவிட்டது.

"இப்ப எடுங்க" என்றார்.

முதல் திருப்பிலேயே பிடித்தது. மூன்று காலும் ஊன்றி நின்றது. அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"அக்கா, நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கவா?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. "ஓட்டத் தெரியுமாக்கா?"

"லைசென்ஸ் எடுத்து ஒம்பது வருசம் ஆச்சு. எடுத்ததோட சரி. வண்டி இல்ல."

நான் இறங்கிப் பக்கத்து சீட்டுக்கு மாறினேன். அவர் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொன்றாக நிதானமாகச் செய்தார். முதல் தடவை வண்டி துள்ளி நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது தடவை நகர்ந்தது. ரோட்டில் ஒரு ஆட்டு மந்தை வந்தது. நின்று, விட்டு, மறுபடி எடுத்தார். இரண்டாவது கியர். பிறகு, நான் சொல்லாமலே, மூன்றாவது. கருவேலங்காட்டுக்கு நடுவே ரோடு நேராகக் கிடந்தது, எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்து அடித்தது.

"எம்புட்டு லேசா இருக்கு" என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் மிதித்து.